நாற்பத்தெட்டுக்கும் ஐம்பதுக்கும் நடுவில்

முப்பத்தொண்ணு உள்ள போயாச்சு. முப்பத்தொண்ணுன்னா பிரகதீஸ்வரி. நாலு வருஷமா லேப்ல, வைவாவுல, பரீட்சை ஹால்ல நம்பர் சொல்லியே கூப்பிட்டுப் பழகினதுல எனக்கு எல்லாரோட முகத்துக்கும் முந்தி நம்பர்தான் ஞாபகத்துக்கு வருது. நான் நாற்பத்தொன்பது, சுகப்பிரியா. எனக்கு முன்னாடி நாற்பத்தெட்டு சுபிக்‌ஷா, பின்னாடி ஐம்பது சுந்தரவேல். இன்னைக்கு நாலு மணிக்குள்ள சிவில் கடைசி வருஷம் அறுபது பேரும் வரிசையா வேலைவாய்ப்பு ஆபீசுக்குள்ள போய் விருப்பப் படிவத்தைக் கொடுத்துட்டு வரணும். ஒரே ஒரு தாள். மேல பேரு, நம்பர். நடுவுல நாலு கட்டம். ஒண்ணு, கேம்பஸ் இன்டர்வியூ. ரெண்டு, மேற்படிப்பு. மூணு, அரசுப் போட்டித் தேர்வு. நாலு, சொந்தத் தொழில். ஏதாவது ஒண்ணுல மட்டும் டிக். கீழ ரெண்டு கோடு, வலது பக்கக் கோட்டுல பெற்றோர் கையெழுத்து. கொடுத்த பிறகு மாத்த முடியாது. மேற்படிப்புன்னு போட்டவ இன்டர்வியூ ஹால் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. கேம்பஸ்னு போட்டவ கிடைச்ச வேலையை வேண்டாம்னு சொல்லக் கூடாது. நாலே கட்டம். பாண்டி ஆடறதுக்குக்கூட எட்டுக் கட்டம் போடுவோம். இந்த நாலுல ஒண்ணுல கால் வைக்க எனக்கு மூணு வாரமா முடியலை, சொன்னா சிரிப்பாங்க.

சிரிக்கிறதுக்கு இன்னொண்ணும் என் ஃபைல்ல இருக்கு. என்கிட்ட ஒரு படிவம் இல்ல, மூணு படிவம். போன வாரம் கேன்டீன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில ரெண்டு காப்பி அதிகமா எடுத்தேன். ஒண்ணுல கேம்பஸ், ஒண்ணுல மேற்படிப்பு, ஒண்ணுல அரசுத் தேர்வுன்னு மூணுலயும் டிக் போட்டு, ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போனப்ப அப்பா முன்னாடி வெச்சேன். சொந்தத் தொழிலுக்கு மட்டும் எடுக்கலை. எனக்கு என்ன தொழில் இருக்கு, நாளைக்கு என்ன டிரஸ் போடறதுன்னு முடிவு பண்றதுக்கே அரை மணி நேரம் ஆகுது. அப்பா டீவி பார்த்துட்டே மூணையும் வாங்கினாரு. ஏன் மூணுன்னு கேட்கலை. வரிசையா மூணு கையெழுத்து போட்டாரு, தண்டபாணி, தண்டபாணி, தண்டபாணி. என்கிட்ட நீட்டினாரு. அவ்வளவுதான். அன்னைக்கு பஸ்ல வர்ற வழியெல்லாம் நான் அந்த மூணு கையெழுத்தையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு வந்தேன். மேற்படிப்பு தாள்ல கடைசி எழுத்தோட வால் நீளமா இழுத்திருக்கு. கேம்பஸ் தாள்ல குறுக்கி இருக்கு, மனசில்லாம போட்டாப்பல. அரசுத் தேர்வு தாள்ல கையெழுத்துக்குக் கீழ ரெண்டு புள்ளி. அழுத்தமா, பக்கத்துப் பக்கத்துல. மத்த ரெண்டுலயும் அது இல்ல. என்னோட ரேங்க் கார்டு அத்தனையிலயும் அப்பா கையெழுத்தைப் பார்த்திருக்கேன், ஒரு தடவை கூட புள்ளி வெச்சதில்ல. அப்ப இதுக்கு என்ன அர்த்தம்? அரசாங்க வேலைக்குப் போ கண்ணுன்னு வாய்விட்டுச் சொல்ல முடியாம ரெண்டு புள்ளியில சொல்றாரா? அஞ்சு நாளா அந்தப் புள்ளிதான் மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கு. மெஸ்ல சாம்பார்ல மிதக்கிற கடுகைப் பார்த்தாக்கூட ரெண்டு ரெண்டாத்தான் கண்ணுக்குத் தெரியுது.

முப்பத்தாறு. கதவு திறந்து மூடறப்ப உள்ள இருக்கிற ஏ.சி. காத்து ஒரு வீச்சு கால்ல பட்டுட்டுப் போகுது. வராண்டா ஜன்னல் வழியாக் கீழ பார்த்தா எங்க கான்கிரீட் லேப் தொட்டி தெரியுது. தண்ணிக்குள்ள நாங்க வார்த்த கட்டிகள் கிடக்கு, ஒவ்வொண்ணு மேலயும் பெயின்ட்ல பேட்ச் நம்பர். இருபத்தெட்டு நாள் தண்ணியில கிடந்தாத்தான் அதுக்கு முழு பலம் வரும். நானும் நாலு வருஷம் கிடந்தாச்சு. ஒண்ணும் இறுகின மாதிரித் தெரியலை. எங்கப்பாவைப் பத்திச் சொன்னா ஹாஸ்டல்ல எல்லாரும் பொறாமைப்படுவாங்க. "உன் இஷ்டம்னு சொல்ற அப்பாவா? குடுத்து வெச்சவடி நீ." அவளுகளுக்கு என்ன தெரியும். கூடாதுன்னு சொல்ற அப்பா இருந்தா சண்டை போடலாம், அழலாம், ரெண்டு நாள் சாப்பிடாம இருக்கலாம். கடைசில அவர் சொன்னதையே செஞ்சுட்டு, பின்னாடி ஏதாவது கோளாறானா எல்லாம் உங்களாலதான்னு சொல்லலாம். எனக்கு அந்த வசதியே இல்ல. எது கோணலாப் போனாலும் அது நானே போட்ட கோடு. அம்மாவாவது ஏதாவது சொல்லுவான்னு பார்த்தா, அம்மா கேட்கிறது ஒரே கேள்வி, "மத்த பிள்ளைங்க என்ன போடறாங்க?" அப்பா அதுவும் கேட்கிறதில்ல. அவர் மின்வாரியத்துல கணக்கெடுக்கிறவர், வீடு வீடாப் போய் மீட்டர் பார்த்து எழுதணும். அது அவர் தேடிப் போன வேலை இல்ல. தாத்தா லைன்மேன். கம்பத்துல இருந்து விழுந்து போய்ச் சேர்ந்தாரு, வாரிசு வேலைன்னு அப்பாவுக்குக் கொடுத்தாங்க. அப்ப அவருக்கு இருபத்தொரு வயசு. இப்ப என் வயசு. அதுக்கு முந்தி என்ன ஆகணும்னு நினைச்சிருந்தாரு? எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்துல நான் கேட்டதும் இல்ல, அவர் சொன்னதும் இல்ல.

ஹோட்டலுக்குப் போனா நான் மெனு கார்டைப் பிரிக்கவே மாட்டேன். சுபிக்‌ஷா ஏதாவது சொல்லுவா, சர்வர் என் பக்கம் திரும்புவாரு, "எனக்கும் அதுவே." வந்த பிறகு பக்கத்து மேஜைக்காரங்க சாப்பிடறதைப் பார்த்து, ஐயோ அதைச் சொல்லியிருக்கலாமேன்னு கடைசி வாய் வரைக்கும் மனசு அடிச்சுக்கும். படிப்பும் அதே கதைதான். பன்னிரண்டாவது முடிச்சு கவுன்சிலிங்குக்கு காலேஜ் பட்டியல் போடணும். எனக்கும் சுபிக்‌ஷாவுக்கும் கட் ஆஃப் அரை மார்க்தான் வித்தியாசம். பிரவுசிங் சென்டர்ல அவ கையில ஒரு தாள் வெச்சிருந்தா. நாற்பது காலேஜ், வரிசையா, நம்பர் போட்டு, மணிமணியான கையெழுத்துல. என் கையில ஒண்ணும் இல்ல. பின்னாடி கூட்டம் நிக்குது, பிரவுசிங் சென்டர் அண்ணன் "சீக்கிரம் பாப்பா, லாக் பண்ணணும்"ங்கறாரு. "இதையே போட்டுடுங்கண்ணா"ன்னு அவ தாளை நீட்டினேன். அப்படி வந்ததுதான் சிவில். பட்டியல்ல ஆறாவதா இருந்த இந்தக் காலேஜ் ரெண்டு பேருக்கும் விழுந்துச்சு. பாலமோ கட்டடமோ எனக்குக் கனவுல கூட வந்ததில்ல. ஆனா அவ தாள்ல அவ்வளவு நிச்சயம் இருந்துச்சே, அந்த நிச்சயத்துல கொஞ்சம் எனக்கும் ஒட்டிக்கும்னு நினைச்சேன். இன்னைக்கும் அதேதான். அவ உள்ள போய்ட்டு வரட்டும், என்ன போட்டான்னு கேட்டுக்கலாம், அதுக்காகத்தானே மூணு தாள். மூணுலயும் அப்பா கையெழுத்து இருக்கு, எது அவ போட்டதோ அதை உருவிக் கொடுத்துடலாம். யோசிச்சுப் பார்த்தா எனக்கே என் மேல எரிச்சல் வருது. ஆனா தைரியமும் அதுலதான் வருது, என்ன பண்றது.

நாற்பது. சுந்தரவேல் முதுகுல தட்டி, "பேனா குடு தாயே"ங்கறான். நாலு வருஷமா இவனுக்குச் சொந்தமா ஒரு பேனா கிடையாது. கொடுத்தேன். படிவத்தைச் சுவத்துல வெச்சுப் பேரை மட்டும் எழுதிட்டு, கட்டத்துக்கு வந்ததும் நிறுத்திட்டு வெளியில காக்காயை வேடிக்கை பார்க்கிறான். கேம்பஸ்னு போட்டா எங்களை எடுக்கிறது சாஃப்ட்வேர் கம்பெனிங்கதான். நாலு வருஷம் சிமென்ட்டைக் குழைச்சவளைக் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார வெப்பாங்க. உட்காரலாம், எல்லாரும்தான் உட்கார்றாங்க. முப்பது வயசுல ஒரு கண்ணாடிக் கட்டடத்து ஏழாவது மாடியில உட்கார்ந்துட்டு, ஐயோ மேல படிச்சிருக்கலாமேன்னு நினைப்பேன். சரி, மேற்படிப்பு. இன்னும் ரெண்டு வருஷம் யாரும் என்னை ஒண்ணும் கேட்க மாட்டாங்க, அதுதான் அதுல இருக்கிற ஒரே சுகம். ரெண்டு வருஷம் கழிச்சு இதே மாதிரி ஒரு வராண்டாவுல, இதே மாதிரி ஒரு தாளோட நிப்பேன். சரி, அரசுத் தேர்வு. மூணு வருஷம் படிச்சு ஒரு மார்க்ல போயிடுச்சுன்னா? கல்யாண வீட்ல "பிள்ளை என்ன பண்றா?"ன்னு யாராவது கேட்டா அம்மா என்ன சொல்லுவா? எந்தப் பக்கம் போனாலும் மத்த ரெண்டு பக்கமும் நின்னு என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரியே இருக்கு. தண்ணி குடிச்சேன். பாட்டில்ல பாதி காலி. போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டேன்.

"சொல்லு கண்ணு." பின்னாடி ஏதோ ஒரு வீட்டு நாய் விடாம குரைக்குது. மதிய வெயில்ல எந்தத் தெருவுல நிக்கிறாரோ. "அப்பா, வேலையா இருக்கீங்களா?" "ஒரு மீட்டரு பெட்டிய சீமைக் கருவேலம் மூடிக் கெடக்குது, கம்பால ஒதுக்கிட்டு இருக்கறேன். நீ சொல்லு." சொல்றதுக்கு என்ன இருக்கு. சுத்தி வளைக்காம கேட்டுட்டேன். "ஞாயித்துக்கிழமை மூணு தாள்ல கையெழுத்து போட்டீங்கல்ல. மூணாவதுல மட்டும் கீழ ரெண்டு புள்ளி வெச்சிருக்கீங்க. அது ஏம்ப்பா?" "புள்ளியா? அட, அதா. பேனா எழுதலை கண்ணு. எழுதுதா இல்லியான்னு தட்டிப் பார்த்தேன்." ஃபைலைத் திறந்து அந்தப் புள்ளியை இன்னொரு தடவை பார்த்தேன். "ஏன், அழிச்சுக்கிட்டு வரச் சொல்றாங்களா? வேணும்னா வேற தாள்ல போட்டுத் தரட்டா?" "இல்லப்பா. அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு பார்த்தீங்களா?" "நான் எங்க பார்த்தேன். கண்ணாடி அலமாரில இருந்துச்சு. நீ கொண்டாந்தா சரியாத்தான் இருக்கும்." நாய் கிட்ட வந்துடுச்சு போல, "ச்சூ, போ அக்கட்ட"ன்னு ஒரு அதட்டல், அப்புறம் "வெக்கட்டுமா சாமி"ன்னு வெச்சுட்டாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சத்தமாவே சிரிச்சிருப்பேன் போல, நாற்பத்திமூணு திரும்பிப் பார்த்தான். அஞ்சு நாள். அஞ்சு நாளா ஒரு மக்கர் பண்ற பேனா வெச்ச புள்ளியில என் தலையெழுத்தைத் தேடிட்டு இருந்திருக்கேன். சிரிச்சு முடிச்சப்ப ஆத்திரம் வந்துச்சு, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

நாற்பத்தஞ்சு. ஏன்னு தெரியலை, ஏற்காடு ஞாபகம் வருது. மூணாம் வருஷம் சர்வே கேம்ப், பத்து நாள். லெவல் எடுக்கிற வேலை. உயரம் தெரிஞ்ச ஒரு கல்லுல ஆரம்பிச்சு, ஒருத்தன் அளவுக்கோலைப் பிடிச்சுட்டு முன்னாடி போவான், இன்னொருத்தர் கருவியில கண்ணை வெச்சு அளவு படிக்கணும், நான் புத்தகத்துல எழுதணும். மலையை ஒரு சுத்து சுத்தி அதே கல்லுக்குத் திரும்பி வந்தா, ஆரம்பிச்ச உயரமே வரணும். எங்களுக்குப் பதினொரு சென்டிமீட்டர் உதைச்சுது. சாரல் அடிக்குது, பசி, டீக்கடை வேற கண்ணுக்கு எதிர்லயே. "அங்கங்க ரெண்டு ரெண்டு சென்டிமீட்டர் தட்டிவிட்டுச் சமாளிச்சுடலாம், சாருக்கு என்ன தெரியப் போகுது"ன்னு எல்லாரும் சொன்னாங்க. புத்தகம் என் கையில. "எழுத மாட்டேன். திரும்பப் போலாம்"னேன். அவ்வளவுதான் சொன்னேன். கத்தலை, கெஞ்சலை, யார்கிட்டயும் அபிப்பிராயம் கேட்கலை. ரெண்டு கிலோமீட்டர் மறுபடி ஏறினோம், ஒவ்வொரு இடமா. வளைவுல ஒரு சில்வர் ஓக் மரத்தடியில கண்டுபிடிச்சுட்டேன். அளவுக்கோலோட நடுத் துண்டை முழுசா இழுத்துவிட்டா டக்குன்னு ஒரு சத்தம் வரணும். வரலை. அது வழுக்கி இறங்கியிருக்கு, சரியாப் பதினொரு சென்டிமீட்டர். பிடிச்சுட்டு நின்னவன் இதே சுந்தரவேல்தான். "உன்னை மாதிரி ஒரு ராட்சசிய நான் பார்த்ததே இல்லடி"ன்னு திட்டிட்டே வந்தான். காலெல்லாம் அட்டை. ஷூவுக்குள்ள தண்ணி. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கின தூக்கம் அதுக்கு முந்தியும் தூங்கினதில்ல, அப்புறமும் தூங்கினதில்ல. அன்னைக்கு எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல, சொல்ற அளவுக்கு இது ஒரு விஷயமான்னு ஒரு கூச்சம். கேம்பஸுக்கு வர்ற கம்பெனிப் பட்டியல்ல கடைசி வரியில ஒரு சர்வே கம்பெனி இருக்கு. ஜனவரியில வருவாங்க, ரெண்டே பேரை எடுப்பாங்க, ஊர் ஊரா அனுப்புவாங்க. பசங்க அதுக்கு வெச்ச பேரு குச்சி புடிக்கிற கம்பெனி. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சிருக்கேன்.

"நாற்பத்தெட்டு." சுபிக்‌ஷா போனா, ரெண்டே நிமிஷத்துல வந்துட்டா. கையைப் பிடிச்சு ஜன்னல் பக்கம் இழுத்தேன். "என்னடி போட்ட?" "நாலு." "நாலா?" "சொந்தத் தொழில். அப்பா கம்பெனியிலயே இருந்துக்கோன்னுட்டாரு." அவ அப்பா சென்னியப்பன், கான்ட்ராக்டர், ஹாஸ்டல்ல விட வர்றப்ப கார்ல இருந்து இறங்காமலே தலையை மட்டும் ஆட்டுவாரு. நாலாவதுக்கு என்கிட்டத் தாளே இல்ல. எதிர்பார்க்கவே இல்ல நான். "உனக்குப் பிடிச்சிருக்கா?"ன்னு கேட்டேன். அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. "அப்படியெல்லாம் எங்க வீட்ல யார் கேட்கிறாங்க. கவுன்சிலிங் பட்டியலே அவர் எழுதிக் கொடுத்ததுதானே. ஆர்க்கிடெக்சர் போறேன்னேன், மூஞ்சில தாளை வீசினாரு. அதைத்தான் பிரவுசிங் சென்டர்ல வெச்சுட்டு நின்னேன்." "அந்த நாற்பது காலேஜும்?" "எல்லாம் அவர் கையெழுத்துடி. என் கையெழுத்து கோழி கிண்டின மாதிரில்ல இருக்கும், உனக்குத் தெரியாதா?" தெரியும். நாலு வருஷமா அவ ரெக்கார்டு நோட்டைப் பார்த்துத்தானே எழுதறேன். அந்தத் தாள் மட்டும் ஏன் அவ்வளவு அழகா இருந்துச்சுன்னு எனக்கு ஒரு நாளும் தோணலை. அப்ப என் நாலு வருஷத்தை முடிவு பண்ணினது என் பேரு கூடத் தெரியாத சென்னியப்பன். கோபம் வரணும், வரலை. அவ கையை விட மனசு வராம இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சுட்டு நின்னேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சுடி"ன்னு உருவிட்டுப் போனா.

"நாற்பத்தொன்பது." சரி, எது கையில வருதோ அதுன்னு கண்ணை மூடிட்டு ஃபைலுக்குள்ள கையை விட்டேன். மேற்படிப்பு வந்துச்சு. நல்லது, ரெண்டு வருஷம் மூச்சு விடலாம். உள்ள கோகிலா மேடம், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, நம்பர், டிக், போன் நம்பர்னு விரலை ஓட்டிட்டே வந்து கடைசில நின்னுட்டாங்க. "ஏம்மா, அப்பா போட்டிருக்காரு. உன் கையெழுத்து எங்க?" எனக்குப் புரியலை. "இடது பக்கம் பாரும்மா. மாணவர் கையொப்பம்." பார்த்தேன். கோடு வெறுமனே கிடக்கு. அவசரமா ஃபைலைத் திறந்து மத்த ரெண்டையும் பார்த்தேன், அதுலயும் இல்ல. மூணுலயும் அப்பா இருக்காரு, மூணுலயும் நான் இல்ல. மூணு வாரமா இந்தத் தாளைத் தின்னு தூங்கி எழுந்தவ, அப்பா கையெழுத்தோட வாலை அளந்து பார்த்தவ, பக்கத்துல இருக்கிற என் கோட்டைப் பார்க்கவே இல்ல. "பேனா வெளியில இருக்குங்க மேடம்"னேன். "போய்ப் போட்டுட்டு வா. முப்பது வருஷமா இதே கூத்து, அப்பா அம்மா கையெழுத்தைப் பத்திரமா வாங்கிட்டு வந்துடுதுங்க"ன்னு அடுத்த தாளைச் சரி பண்ண ஆரம்பிச்சுட்டாங்க.

வெளிய வந்து சுந்தரவேல்கிட்டப் பேனாவைப் பிடுங்கினேன். சுவர் சொரசொரன்னு இருக்கு. "திரும்புடா"ன்னு அவன் முதுகுல தாளை வெச்சேன். மேற்படிப்பு. பேனா முனை கோட்டுல பட்டுது. பட்டு, அப்படியே நின்னுடுச்சு. இப்ப பேனா நல்லாத்தான் எழுதும், தட்டிப் பார்க்கத் தேவையில்ல. அன்னைக்கு மலையில புத்தகத்தை வெச்சுட்டு நின்னேனே, அதே கைதான் இது. எழுத மாட்டேங்குது. "என்னடி, வீட்டுப் பத்திரமா எழுதற? கூசுது"ங்கறான் அவன். தாளை எடுத்துட்டு கேம்பஸ் தாளை வெச்சேன். சாஃப்ட்வேர் கம்பெனி இன்டர்வியூ எதுக்கும் போக மாட்டேன், ஜனவரி வரைக்கும் காத்திருக்கணும், ரெண்டே பேர், நான் அந்த ரெண்டுல ஒருத்தியா இல்லாமப் போனா கையில ஒண்ணும் இருக்காது. அம்மா கேட்பா. பயமா இருக்கு, ரொம்பவே பயமா இருக்கு. வேற ஒருத்தர் பட்டியல்ல இருந்து வந்தது சிவில். அந்த மலையில திரும்பி ஏறினது நானா ஏறினது. சுகப்பிரியான்னு முழுசா எழுதினேன். அவன் முதுகு அசைஞ்சதுல 'யா' கொஞ்சம் கோணிப் போச்சு. போகட்டும். உள்ள கொண்டுபோய்க் கொடுத்தேன். மேடம் முத்திரையை ஒரு குத்து குத்திக் கட்டோட சேர்த்துட்டாங்க. அதுக்கு ஆன நேரம் ரெண்டு செகண்ட்.

வெளிய சுந்தரவேல் தாளைப் பிடிச்சுட்டு நிக்கிறான். நாலு கட்டமும் காலி. அவன் அப்பா கையெழுத்து மட்டும் வலது பக்கம் பத்திரமா இருக்கு. "என்ன போட்ட சொல்லு, என் முதுகுலதானே போட்ட. நீ யோசிச்சுத்தான் போட்டிருப்ப. எனக்கும் அதுவே." விளையாட்டாத்தான் சொல்றான், ஆனா முகத்துல விளையாட்டு இல்ல, உதட்டை நாக்கால தடவிட்டே இருக்கான். சொல்லிட வாயைத் திறந்துட்டேன். ஒரு வார்த்தைதான், கேம்பஸ்னா அவன் நிம்மதியா டிக் போட்டுட்டு உள்ள போயிடுவான். மத்தியானம் அந்த நாய்ச் சத்தத்துக்கு நடுவுல ஒரு ஆள் எனக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாம விட்டாரு. அது எனக்கு அப்ப ஆத்திரமா இருந்துச்சு. "ஐம்பது"ன்னு உள்ள இருந்து கூப்பிட்டாங்க. வாயை மூடிட்டுப் பேனாவை அவன் கையில வெச்சேன். "நீயே வெச்சுக்கோ. இடது பக்கமும் ஒரு கையெழுத்து போடணும், மறந்துடாதே."